ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ‘லிவர் டெஸ்ட் நார்மல்’ என்பது போதுமா?

‘ஜிம்மில் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் என் தம்பி, மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டு எல்லாம் நார்மல் என்கிறான். நம்பலாமா? வேறு என்ன பரிசோதனை தேவை?’ என்பது கேள்வி.

உங்கள் தம்பி பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தப் பேக்கேஜ், நாற்பது வயதைத் தொட்ட குடும்பஸ்தரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. ஊசி போடும் உடம்பில் எது முதலில் கெடும் என்று யோசித்துப் போட்டதல்ல. நான் கோவையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன், மருத்துவர் அல்ல. சுற்றிலும் ஜிம்கள் இருப்பதால் இந்தப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டுகள் என் கையில் நிறையப் புழங்குகின்றன. பெரும்பாலோர் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. எண்ணைப் பார்த்துவிட்டு, அது சரியாக இருந்தால் மீதியைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டீராய்டு என்றால் கல்லீரல் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இதயம்.

ரத்தக் குழாயை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் நிற்கும், கீழே சிவப்பணுக்கள் தங்கும். சாதாரணமாக ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இவர்களில் சிலருடைய குழாயில் சிவப்பு மேலேறி நிற்கும். கேட்டிருக்கும் பரிசோதனைகளுக்கு சீரம் பற்றாமல் இன்னொரு குழாய் ரத்தம் கேட்க வேண்டிவரும். ஸ்டீராய்டு ஊசியில் இருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டிவிடுவதன் விளைவு இது. ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. ரிப்போர்ட்டில் பி.சி.வி. அல்லது ஹெமட்டோகிரிட் என்று இருப்பது இதன் அளவுதான். ஆண்களுக்கு 40 முதல் 50 சதவீதம் வரை இயல்பு. மருத்துவர் எழுதிக்கொடுத்து டெஸ்டோஸ்டிரோன் போடுபவருக்கே 54ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்திவிட வேண்டும் என்பது நடைமுறை. ரத்தம் கெட்டியானால் உறைகட்டியும் பக்கவாதமும் நெருங்கி வருகின்றன. ரத்ததானம் செய்தால் சரியாகிவிடும் என்பது ஜிம் வைத்தியம். எண் சில வாரங்கள் இறங்கும், உடம்பின் இரும்புச் சத்தும் கூடவே இறங்கும், ஊசி மட்டும் அப்படியே தொடரும். தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் இந்த எண் ஏறிக் காட்டும் என்பதால், பரிசோதனைக்கு வரும் நாள் காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வருவது நல்லது.

அடுத்தது எச்.டி.எல்., அதாவது நல்ல கொழுப்பு. ஆண்களுக்கு 40க்குக் கீழே போனாலே குறைவு. மாத்திரை வடிவ ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் பத்துக்கும் இருபதுக்கும் நடுவே பார்த்திருக்கிறேன். 1989இல் ஓர் அமெரிக்க ஆய்வில் எடைப் பயிற்சி செய்யும் 11 ஆண்களுக்கு ஆறு வாரம் ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தபோது எச்.டி.எல். 33 சதவீதம் சரிந்தது. அதே ஆட்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டபோது 9 சதவீதம்தான். அன்றைக்குக் கொடுத்தது நாளுக்கு 6 மில்லிகிராம். இன்றைக்கு ஜிம்களில் பேசப்படும் அளவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்டிரால் 170 என்று அழகாக இருக்கும், அதற்குள் இந்தச் சரிவு ஒளிந்துகொண்டிருக்கும். எச்.டி.எல்., கெட்ட கொழுப்பான எல்.டி.எல். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எங்கள் லேபில் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது: இதயத் தசையின் நிலை. அதற்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன் வேண்டும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அனுபவமுள்ள பளுதூக்குநர்கள் 140 பேரில் பல ஆண்டு ஸ்டீராய்டு எடுத்த 86 பேரையும் எடுக்காத 54 பேரையும் ஒப்பிட்டார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு, எடுக்காதவர்களுக்குச் சராசரி 63 சதவீதம், எடுத்தவர்களுக்கு 52. இதய ரத்தக் குழாய்களில் படிவும் அதிகம். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்த அமெரிக்க பாடிபில்டர் டல்லாஸ் மெக்கார்வருக்கு வயது 26. பிரேதப் பரிசோதனையில் அவருடைய இதயம் 833 கிராம் இருந்ததாகச் செய்தி வந்தது. வளர்ந்த ஆணுக்கு 300, 350 கிராம் இருந்தால் இயல்பு. உங்கள் தம்பியைப் போன்றவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எக்கோவும் இ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கைச்சுற்றளவு பெரியவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

கல்லீரல் விஷயத்தில் நேர்மாறாக, தேவையில்லாத பீதியைத்தான் அதிகம் பார்க்கிறேன். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் தசையிலும் இருக்கின்றன. முந்தைய நாள் கால் பயிற்சியை வெறித்தனமாகச் செய்துவிட்டு வந்தால் இரண்டும் எகிறும். ஒரு வாரம்கூட இறங்காது. தசை காரணமா, கல்லீரல் காரணமா என்று பிரித்தறிய ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியைக் கேளுங்கள், அது தசையிலிருந்து வராது. கூடவே தசை நொதியான சி.பி.கே. பார்த்தால் தசைக் குற்றவாளி பிடிபடுவான். ஆனால் மாத்திரை வகைகளை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு, எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே கல்லீரலில் கட்டி வளரலாம் என்பதால் வயிற்று ஸ்கேனையும் சேர்க்கச் சொல்வார்கள்.

சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினினும் இதே கதை. தசை அதிகம், கிரியாட்டின் பவுடர் வேறு, 1.4 என்று வரும், சிறுநீரகம் போய்விட்டது என்று வீட்டில் அழுகை. சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை தசையைச் சாராதது. அதோடு சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பாருங்கள். நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்த 10 பாடிபில்டர்களின் சிறுநீரகத் திசுவை ஆராய்ந்து 2009இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டதில், 9 பேருக்கு வடிகட்டிகளிலேயே தழும்பு விழுந்திருந்தது. இது விழுந்தபின் சரிசெய்வது கஷ்டம்.

ஹார்மோனில் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் முக்கியம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை இவற்றின் மூலம் விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். இந்த இரண்டும் பூஜ்யத்துக்கு அருகே கிடக்கும், விந்தணுவும் குறையும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு என்றால் விந்துப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். எஸ்ட்ரடையால், புரோலாக்டின் என்ற ஹார்மோன்கள் இரண்டும் மார்பு வீங்குகிறவர்களுக்கு. நாற்பது தாண்டியவருக்குப் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் பரிசோதனை. ஹார்மோனுக்கு ரத்தம் கொடுக்கும் நேரம் காலை, ஊசி போடுபவர் என்றால் அடுத்த ஊசிக்கு முன்பு.

ஒரு சின்ன விஷயம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும். பல லேப் எந்திரங்களில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனினைக்கூடக் குறைத்துக் காட்டலாம் என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

ஆணழகன் போட்டிக்கு நீரை வற்ற வைப்பவர் என்றால், அந்த வாரத்தில் பொட்டாசியமும் சோடியமும் பார்க்காமல் மேடையேறக் கூடாது. நீர்போக்கி மருந்துகளில் லாசிக்ஸ் பொட்டாசியத்தை இறக்கும், அல்டாக்டோன் ஏற்றும். இரண்டு பக்கமும் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பாடிபில்டர் முகமது பெனாசிசா 1992இல் ஹாலந்தில் போட்டியை முடித்த சில மணி நேரத்தில் இறந்தார். நீர்போக்கி மருந்துகளையும் உடல் வற்றியதையும்தான் காரணமாகச் சொன்னார்கள். ஒரே குப்பியிலிருந்து நண்பர்களோடு மருந்து உறிஞ்சும் பழக்கம் இருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் கட்டாயம்.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு ஜிம் மாஸ்டரிடம் போகாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். எங்களிடம் ‘தற்போது எடுக்கும் மருந்துகள்’ என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போகிறவர்கள், மருத்துவரிடமும் அதையே செய்தால் எந்த எண்ணுக்கும் சரியான பொருள் கிடைக்காது. திட்டுவார் என்று பயந்தால், திட்டட்டும். பதறிப்போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். சொந்த டெஸ்டோஸ்டிரோன் திரும்பி வர மாதங்கள் ஆகலாம், அந்த இடைவெளியில் சோர்வும் கடுமையான மனச்சோர்வும் வரும், அதை மருத்துவர் பார்வையில்தான் கடக்க வேண்டும். போகும்போது குப்பி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். லேபிளில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக விற்பது இந்தச் சந்தையில் சகஜம் என்பதால், காலிக் குப்பி இருந்தால் அதையும் எறியாமல் கொண்டு போகட்டும்.