விம்மின் ஸ்வாப் கோப்புகளை எங்கே வைப்பது?

கேள்வி: உப்புவெளியில் ஒரு விடுதியின் இணையத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டுவில் விம் என்ற உரைத்திருத்தியைப் பாவிக்கிறேன். அதன் ஸ்வாப் கோப்புகள், அதாவது '.எஸ்டபிள்யூபி' என்று முடியும் மறைகோப்புகள், எல்லா ஃபோல்டரிலும் கிடக்கின்றன. போன கிழமை ஒன்று சர்வருக்கும் போய்விட்டது. ஸ்வாப்பை அடியோடு நிறுத்தவா, '/டெம்ப்' ஃபோல்டருக்கு மாற்றவா?
– வாசகர், திருகோணமலை

பதில்: இரண்டும் வேண்டாம்.

நீங்கள் 200 எழுத்து தட்டினாலோ, தட்டுவதை நிறுத்தி 4 விநாடி ஆனாலோ, அதுவரை நீங்கள் செய்த மாற்றத்தை விம் ஸ்வாப்பில் எழுதிவிடும். ஒழுங்காக வெளியேறினால் அந்த ஸ்வாப்பைத் தானே அழித்துவிடும். அப்படியென்றால் உங்களிடம் மிஞ்சிக் கிடப்பவை, கரண்ட் போயோ இணைப்பு அறுந்தோ பாதியில் நின்ற வேலைகள். (அல்லது மூலக் கோப்பு இன்னொரு ஜன்னலில் இன்னும் திறந்திருக்கிறது.) கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். 'விம் -ஆர்' என்று (ஆங்கிலச் சிற்றெழுத்தில்) தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்து மீட்டெடுங்கள். வேறு பெயரில் சேமித்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் அழிக்கலாம்.

'/டெம்ப்' ஏன் கூடாது? பல லினக்ஸ்களில் கணினி மறுபடி தொடங்கும்போது அந்த ஃபோல்டர் காலியாகிவிடும். கரண்ட் போய் வந்ததும் ஸ்வாப்பைத் தேடுவீர்கள். அதற்குள் அது போயிருக்கும்.

உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் '.விம்' ஃபோல்டரில் 'ஸ்வாப்' என்று ஒன்றை நீங்களே உருவாக்குங்கள். விம் அதை உருவாக்கித் தராது. இல்லாவிட்டால் ஸ்வாப்பைத் திறக்க முடியவில்லை என்று ஈ303 பிழை வரும். மற்றவர்கள் திறக்காதபடி அனுமதியை 700 ஆக்குங்கள். பிறகு விம்மின் அமைப்புகள் இருக்கும் விம்ஆர்சி கோப்பில் இந்த வரி (தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில்):

செட் டைரக்டரி=~/.விம்/ஸ்வாப்//

கடைசியில் உள்ள இரண்டு சாய்கோடுகளை விட்டுவிடாதீர்கள். பலர் தட்டுப்பிழை என்று நினைத்து ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு இருந்தால்தான் கோப்பின் முழுப் பாதையும், சாய்கோட்டுக்குப் பதில் % குறியோடு, ஸ்வாப்பின் பெயரில் வரும். உங்கள் தளத்தில் ஃபோல்டருக்கு ஒரு 'இன்டெக்ஸ்' இருக்கும். ஒற்றைச் சாய்கோட்டோடு எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் எது எதனுடையது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாற்றம் பிடித்ததா என்று பார்க்க, ஒரு கோப்பைத் திறந்து ':ஸ்வாப்நேம்' கொடுங்கள். விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம்மில் இந்த வேலையே இல்லை. அது முதலிலிருந்தே தனி ஃபோல்டரில்தான் வைக்கிறது.

இதை மடிக்கணினியில் மட்டும் செய்யுங்கள். சர்வரில் வேறொருவரும் அதே கோப்பைத் திருத்துவார் என்றால் அங்கே பழையபடி விடுங்கள். ஸ்வாப், திருத்தும் கோப்பின் பக்கத்திலேயே இருப்பதால்தான் இரண்டாவதாகத் திறப்பவருக்கு எச்சரிக்கை வருகிறது. ஆளாளுக்குத் தங்கள் ஹோமில் வைத்தால் எச்சரிக்கை வராது, கடைசியாகச் சேமித்தவர் மற்றவரின் வேலையை மிதித்துவிடுவார். எரிச்சலான எச்சரிக்கைதான், ஆனால் எனக்கு அது வேண்டும்.

பெயரின் கடைசியில் ~ உள்ள கோப்புகளும் கிடந்தால் அவை பேக்கப். 'பேக்கப்டிர்' என்ற வேறு அமைப்பு அவற்றைக் கவனிக்கும்.

சர்வருக்குப் போனது எந்தக் கோப்பின் ஸ்வாப் என்று இன்றைக்கே பாருங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பின் ஸ்வாப் என்றால், முகவரியை ஊகித்த எவரும் அதை அப்படியே இறக்கி வாசித்திருக்கலாம். ஸ்வாப்பை அழித்தால் மட்டும் போதாது, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.