அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் மகனுக்கு 22 வயது. கார் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. ஹெவி லைசென்ஸுக்காகப் பொள்ளாச்சியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டி எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்தான். மைதானத்தில் நாலைந்து சுற்று ஓட்டவிட்டதோடு சரி, சர்டிபிகேட் தானாக வந்துவிடும் என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு பத்துச் சக்கர லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். டிரைவருக்குத் தூக்கம் வந்தால் இவனை ஓட்டச் சொல்வார்கள். முதலாளிக்கும் அது தெரியும். சென்ற மாதம் இரவில் கஞ்சிக்கோடு அருகே ஒரு பைக் மீது மோதி, ஓட்டி வந்தவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. டிரைவர் அப்போது பின்னால் படுத்திருந்தார். இப்போது முதலாளி, 'என்னிடம் கேட்காமல் வண்டியை எடுத்தேன்' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டால்தான் லைசென்ஸைத் திருப்பித் தருவாராம். கார் லைசென்ஸ் இருந்தாலே லாரி ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாகவும் சொல்கிறார். என்ன செய்வது, வக்கீல் அம்மா?

— ஒரு தாய், பாலக்காடு மாவட்டம்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தாளிலும் உங்கள் மகன் கையெழுத்துப் போடக் கூடாது. வெற்றுத்தாளானாலும் சரி, முத்திரைத்தாளானாலும் சரி.

அந்தத் தாள் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றாது, முதலாளியைத்தான் காப்பாற்றும். தகுதியான லைசென்ஸ் இல்லாதவரை வண்டி ஓட்ட அனுமதிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமையாளருக்குக் கடமை விதிக்கிறது. அனுமதித்தால் 180ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'கேட்காமல் எடுத்தேன்' என்று மகன் எழுதிக்கொடுத்த நிமிடத்தில் முதலாளி இதிலிருந்து நழுவிவிடுவார். உங்கள் மகனோ, அனுமதியின்றி வாகனத்தை எடுத்ததற்கான 197ஆம் பிரிவில் தானாகவே போய் மாட்டிக்கொள்வான். போலீசிடம் ஒப்புக்கொண்டது நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் முதலாளியிடம் எழுதிக்கொடுத்தது சாட்சியமாக வரும். நடக்காத ஒன்றை ஒப்புக்கொண்டு அவன் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

இனி நஷ்டஈடு. லாரிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். எல்.எல்.ஆர். எந்த வகை வண்டிக்கு எடுத்தது, விபத்து நடந்த நாளில் அது செல்லுபடியில் இருந்ததா என்பது அடுத்து முக்கியம். 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில், பழகுநர் லைசென்ஸும் சட்டத்தின் பார்வையில் லைசென்ஸ்தான் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே 'ஓட்டியவனிடம் லைசென்ஸே இல்லை' என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் எளிதாகக் கைவிரிக்க முடியாது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதிப்படி, எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். டிரைவர் பின்னால் தூங்கினார் என்றால் விதி மீறப்பட்டிருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனம் இதைப் பிடித்துக்கொள்ளும். அப்படியானாலும் அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றே தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் உத்தரவிடுகின்றன. ஓட்டியவர் என்ற முறையில் உங்கள் மகன் பெயரும் நஷ்டஈட்டு வழக்கில் சேரும். அதற்காக முழுச்சுமையும் உங்கள் தலையில் விழும் என்று யாராவது சொன்னால், அது வெறும் மிரட்டல். தன் வேலைக்காக வண்டியை ஓட்டவைத்தவர் முதலாளி. பொறுப்பு அவரைவிட்டுப் போகாது.

குற்றவழக்கு வேறு. அஜாக்கிரதையாக ஓட்டியதற்கும் கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125ஆம் பிரிவுகளில் மகன் மீது வழக்கு வரலாம். இவை ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். அன்று இரவு ஓட்டியது தான்தான் என்பதை அவன் மறைக்க வேண்டாம். யார் ஓட்டச் சொன்னார், எத்தனை நாளாக ஓட்டவைத்தார்கள் என்பதையும் சேர்த்து உண்மையைச் சொல்லட்டும். முதலாளி அனுப்பிய குரல் செய்திகள், சம்பளம் வந்த கணக்கு விவரம் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். விசாரணையில் போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் அவன் கையெழுத்திட வேண்டியதில்லை. அது மலையாளத்தில் இருந்தால் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். லைசென்ஸைப் பிடித்துவைக்க முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை. பதிவுத் தபாலில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் போலீசில் புகார் கொடுங்கள். இடையில் டிஜிலாக்கரில் உள்ள மின்னணுப் பிரதியே செல்லும்.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைப் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. 2024 நவம்பர் 6ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பு, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் இலகுரகச் சரக்கு வண்டிகளைப் பற்றியது. பத்துச் சக்கர லாரி அதற்குள் வரவே வராது. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது 'சர்டிபிகேட் தானாக வரும்' என்ற பேச்சைக் கேட்டுத்தான். லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு லைசென்ஸ் கேட்பவர் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழைக் கட்டாயம் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 9ஆம் பிரிவு. அதுதான் படிவம் 5. விதி 31 சொல்லும் பயிற்சிக்காலம் குறைந்தது 30 நாள். அதில் வண்டியை ஓட்டிப் பழகுவது மட்டும் குறைந்தது 15 மணி நேரம். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதைப் படிவம் 15 என்ற பதிவேட்டில் பள்ளி எழுதிவைக்க வேண்டும். ஓட்டாத மணி நேரத்துக்கு உங்கள் மகன் அங்கே கையெழுத்துப் போட்டிருந்தால், பொய்ச் சான்றிதழில் அவனும் பங்காளி. மோசடியாகப் பெற்ற லைசென்ஸை 19ஆம் பிரிவின்படி ரத்து செய்யலாம். நிறைசுமையோடு வாளையார் சாலையில் இரவில் போகும் லாரியை நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை மைதானச் சுற்று கற்றுத்தராது. அதைக் கற்காமல் போனதால்தான் ஒருவர் கால் ஒடிந்து படுத்திருக்கிறார்.

எனவே மீதிப் பயிற்சியை முழுமையாகத் தரும்படி பள்ளிக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அந்தப் பள்ளிக்கு உரிமம் வழங்கிய ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுங்கள். 2021 ஜூலை முதல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் வந்துவிட்டன. அங்கே கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம், முடித்தவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக்காட்டும் தேர்வு கிடையாது. மலப்புரம் மாவட்டம் எடப்பாளில் அரசின் ஓட்டுநர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். கேரளத்தில் வசித்தாலும் பொள்ளாச்சிப் பயிற்சி வீணாகாது. குடியிருக்கும் மாநிலத்திலோ பயிற்சி பெற்ற பள்ளி இருக்கும் மாநிலத்திலோ விண்ணப்பிக்கலாம். எங்கே வாங்கினாலும் இந்தியா முழுவதும் செல்லும்.

வக்கீலுக்குச் செலவழிக்க வசதி இல்லாவிட்டால் பாலக்காடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் உதவி கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சித்தூர்ப் பக்கத்து அலுவலகங்களுக்கு மனுவைத் தமிழிலேயே எழுதிக்கொடுங்கள். மொழிச் சிறுபான்மையினராக நமக்கு அந்த உரிமை உண்டு. போகும்போது எல்.எல்.ஆர். நகல், பள்ளியில் பணம் கட்டிய ரசீது, முதல் தகவல் அறிக்கையின் நகல் ஆகியவற்றோடு, முதலாளி நீட்டிய அந்தத் தாள் கையில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.