அடினியம் மாதிரி குண்டு அடித்தண்டு செடிங்க: எப்ப தொட்டி மாத்தறது, எப்ப தண்ணிய நிறுத்தறது – கேள்வி பதில்

காடெக்ஸ் செடினா என்னன்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க. அடித்தண்டோ வேரோ குண்டாகி அதுக்குள்ள தண்ணியும் மாவுச்சத்தும் சேத்து வச்சுக்கற செடி, அவ்ளோதான். வறட்சியோ குளிரோ வந்தா இலைய கொட்டிட்டு அந்த சேமிப்புல தூங்கும். நம்ம ஆளுங்க கையில செத்துப்போறது முக்காவாசி இந்த தூங்கற நேரத்துல தண்ணி ஊத்தித்தான்.

கேள்வி (தாம்பரம்): அண்ணா, அடினியம் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, பிளாஸ்டிக் தொட்டி பக்கவாட்டுல பிதுங்கிட்டு நிக்குது. கார்த்திகை மாசம்தான் நடக்குது, இப்பவே மாத்திடலாமா?

பதில்: வேணவே வேணாம். அடைமழை நேரத்துல வேர வெட்டினா வெட்டுன இடம் ஆறாது, ஈரத்துல பூஞ்சை புடிச்சு உள்ளயே அழுக ஆரம்பிச்சிரும். தொட்டி வெடிச்சாலும் பரவால்ல, மழை படாத இடத்துல ஓரமா வச்சிட்டு தை முடியற வரைக்கும் பொறுங்க. மாசி வாக்குல கிளை நுனியில புதுசா பச்சை முட்டும் பாருங்க, அதான் சரியான நேரம், கத்திரி வெயில் வர்றதுக்குள்ள வேர் புடிச்சிரும்.

மாத்தறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே தண்ணிய நிறுத்திடுங்க, மண்ணு காஞ்சிருந்தா வேர் உடையாம வெளிய வரும். பழைய மண்ண பைப் தண்ணியில அலசி எடுத்துட்டு அழுகல், காஞ்ச வேர், சல்லி வேர் எல்லாத்தையும் சுத்தமான கத்தியில வெட்டுங்க. வெட்டுன இடத்துல சாஃப் பவுடர் (பூஞ்சைக்கொல்லி மருந்து) தடவுங்க, இல்லன்னா அடுப்புக்கரிய இடிச்சு தடவுங்க. அப்புறம் நிழல்ல, காத்தோட்டமான இடத்துல ஒரு வாரம் அப்படியே படுக்கப் போடுங்க. செடி செத்துருமோன்னு பயப்படாதீங்க, ஒரு வாரம் இல்ல, ஒரு மாசம் மண்ணில்லாம கிடந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. காயம் ஆறி தோல் கட்டின பிறகுதான் புது மண்ணு.

நடும்போது பழைய மட்டத்த விட ஒரு இஞ்ச் மேல தூக்கி நடுங்க. அப்படி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தூக்கினாதான் அந்த தொப்பை வேர் எல்லாம் வெளிய தெரியும். ஒரே தடவையில மூணு நாலு இஞ்ச் தூக்கிட்டு செடி சாயுதுன்னு கம்பு கட்டிட்டு நிப்பாங்க சில பேரு, அந்த அவசரம் வேணாம். இன்னொண்ணு, மண்ணுக்குள்ள இருந்த தோல் வெயில பாத்ததே இல்ல, எடுத்த உடனே மொட்டமாடி வெயில்ல வச்சா வெந்து போயிரும். பத்து நாள் நிழல், அப்புறம் காலை வெயில் மட்டும், அப்புறம்தான் முழு வெயில். நட்டு ஒரு வாரம் கழிச்சு முதல் தண்ணி.

கேள்வி (அதே ஆள்): மண் கலவை என்னண்ணா? நர்சரியில தேங்காநார் நிறைய போடுங்கன்னாங்க.

பதில்: நர்சரிக்காரங்களுக்கு தொட்டி தூக்கறதுக்கு லேசா இருக்கணும், அவங்க கவலை அது. மழைக்காலத்துல தேங்காநார் ஈரத்த புடிச்சு வச்சுக்கும், நமக்கு அது ஆகாது. பாதிக்கு பாதி கல்லு மாதிரி சமாச்சாரம் இருக்கணும்: செங்கல் ஜல்லி, பருமணல், கிடைச்சா பெர்லைட். மீதி செம்மண்ணும் நல்லா மக்கின தொழு உரமும். எம்-சாண்ட் போட்டா சலிச்சு தூசிய எடுத்துட்டு போடுங்க, தூசியோட போட்டா சிமெண்டு மாதிரி இறுகிரும். தண்ணி ஊத்தினா சில நொடியில அடி ஓட்டை வழியா வெளிய வரணும். தொட்டி ஆழமா வேணாம், அகலமா வாங்குங்க.

கேள்வி (கோயம்புத்தூர்): மார்கழியில இலை எல்லாம் மஞ்சளாகி கொட்டுதுங்க. தண்ணி பத்தலன்னு நினைச்சு தினம் ஊத்தறேன், இன்னும் வேகமா கொட்டுதுங்க.

பதில்: உடனே நிறுத்துங்க. அடி கெட்டியா இருக்குல்ல? அப்ப அது ஓய்வுல போகுது, நோயில்ல. சென்னையில ராத்திரி இருவது டிகிரிக்கு கீழ அவ்வளவா போகாது, அதனால அங்க செடி முழுசா தூங்காது, வளர்ச்சி மட்டும் மெதுவாகும். உங்க ஊர் பனிக்கு பாதி இலை போகும், ஊட்டி கொடைக்கானல்ல மொட்டையாவே நிக்கும். இலை நிறைய இருந்தா நிறைய தண்ணி, கொஞ்சமா இருந்தா கொஞ்சம், மொட்டையா இருந்தா அடி சுருங்கற மாதிரி தெரிஞ்சா மட்டும் ஒரு டம்ளர். உரம் சுத்தமா வேணாம். துளிர் வந்ததும் வழக்கம்போல ஆரம்பிங்க.

கேள்வி (வேளச்சேரி): அடிய அமுக்கினா மெத்துனு இருக்கு. அழுகலா, தாகமா?

பதில்: மண்ணு காஞ்சு கிடக்கு, சுத்தி எங்க அமுக்கினாலும் ஒரே மாதிரி லேசா அமுங்குது, தோல் சுருங்கியிருக்குன்னா தாகம்தான், ரெண்டு தடவ ஊத்தினா கெட்டியாயிரும். மண்ணு ஈரமா இருந்தும் ஒரு பக்கம் மட்டும் பொதபொதன்னு அமுங்குது, நிறம் கறுத்திருக்கு, நாத்தம் வருதுன்னா அழுகல். இன்னிக்கே எடுங்க, நாளைக்கு வேணாம். பழுப்பு சதை போய் வெள்ளை சதை தெரியற வரைக்கும் வெட்டிட்டே போங்க, ஒரு பழுப்பு புள்ளி விட்டாலும் அங்க இருந்து திரும்ப ஆரம்பிக்கும். பாதி செடி போனாலும் போகட்டும். பவுடர் தடவி நிழல்ல தொங்க விடுங்க, வெட்டுன இடம் மரக்கட்டை மாதிரி காஞ்சப்புறம் நடுங்க.

கேள்வி (திருநெல்வேலி): இது சம்பந்தம் இருக்கான்னு தெரியல. வாசல்ல திருஷ்டிக்கு கட்டின ஆகாசகருடன் கிழங்கு மண்ணு தண்ணி எதுவும் இல்லாம கொடி விட்டிருக்கு. அது எப்படி?

பதில்: சூப்பர் கேள்வி, நம்ம ஊரோட அசல் காடெக்ஸ் செடியே அதான்! பாகற்காய், கோவைக்காய் குடும்பம். காட்டுல மழை முடிஞ்சதும் கொடி காஞ்சு போயிரும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும், அடுத்த பருவத்துல திரும்ப கொடி விடும். நீங்க கயித்துல தொங்க விட்டாலும் அதுக்கு அந்த கணக்கு மறக்கல, உள்ள இருக்கற ஈரத்த வச்சே முளைக்குது. ஆனா அது சேமிப்ப தின்னுட்டு வளருது, அப்படியே விட்டா கடைசியில சுருங்கி சக்கையாயிரும். வீட்டுல பெரியவங்க ஒத்துக்கிட்டா அவுத்து, முக்கால்வாசி கிழங்கு வெளிய தெரியற மாதிரி தொட்டியில வச்சு கொடி ஏற ஒரு குச்சி நடுங்க. திருஷ்டிக்கு தொட்டியவே வாசல்ல வச்சுக்கோங்க. விலை கொடுத்து வெளிநாட்டு கிழங்கு வாங்கறவங்க இத ஏன் யாரும் வளக்கறதில்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

கேள்வி (டொரன்டோ): அண்ணா, என்னட்ட ஆமை ஓடு மாதிரி வெடிச்ச கிழங்கு, டயஸ்கோரியா எலிஃபன்டிபெஸ் இருக்கு. ஜூன்ல கொடி முழுக்க காய்ஞ்சுபோச்சு. கோடையில எல்லாம் வளருது, இது மட்டும் ஏன்?

பதில்: அது தென்னாப்பிரிக்கா செடிங்க, நம்ம பெருவள்ளிக்கிழங்கோட சொந்தக்காரன். குளிர்ந்த பருவத்துல வளந்து கோடையில தூங்கற வகை, அடினியத்துக்கு நேர் எதிர். கொடி காஞ்சப்புறம் தண்ணிய நிறுத்தி நிழல்ல வச்சிருங்க. ஆகஸ்டு கடைசியோ செப்டம்பரோ தலையில சின்னதா ஊசி மாதிரி துளிர் வரும், அத பாத்தப்புறம் தண்ணி. காலண்டர் பாத்து ஊத்தாதீங்க, சில வருஷம் லேட்டாகும். தொட்டி மாத்தணும்னா தூக்கம் முடியற நேரத்துல, துளிர் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி மாத்துங்க.

அங்க அடினியமும் வச்சிருந்தா அதுக்கு குளிர்காலம்தான் பிரச்சனை. ஹீட்டர்ல வீடு சூடா இருக்கும், ஜன்னல்ல வெளிச்சம் இருக்காது, செடி தூங்கவும் முடியாம வளரவும் முடியாம நோஞ்சான் கிளையா நீட்டும். ஒண்ணு க்ரோ லைட் (செடி வளர்க்கற விளக்கு) போட்டு வளர விடுங்க, இல்ல பதினஞ்சு டிகிரி பக்கம் இருக்கற ரூம்ல தண்ணி இல்லாம தூங்க விடுங்க.

கேள்வி (பெங்களூரு): ஆன்லைன்ல ஸ்டெஃபேனியா உருண்டை வாங்கினேன், உருளைக்கிழங்கு மாதிரியே இருக்கு. எது மேல் பக்கம்?

பதில்: சின்னதா ஒரு மொட்டு மாதிரி, தண்டு உடைஞ்ச வடு தெரியும் பாருங்க, அதான் மேல். பாதி புதைச்சு, மேல பிளாஸ்டிக் கவர் மூடி வெதுவெதுப்பான இடத்துல வைங்க, நேர் வெயில் வேணாம். முளைக்க மாசக்கணக்கும் ஆகலாம், அதுவரைக்கும் மண்ணு லேசா ஈரமா இருந்தா போதும். அந்த உருண்டைங்கள்ல நிறைய தாய்லாந்து பக்கம் காட்டுல தோண்டினது, அதனால நான் வாங்கறதில்ல, விதையில வந்தது கிடைச்சா வாங்குவேன். மடகாஸ்கர் பேக்கிபோடியம்னு ஒரு குண்டு செடி, அது இன்னும் ஜாக்கிரதை, அந்த இனம் மொத்தமும் சைட்டிஸ் (அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, பேப்பர் இல்லாம நாடு தாண்டி வந்தா சட்டப்படி தப்பு.

கேள்வி (மதுரை): ஒரே ராத்திரியில அடினியம் இலை மொத்தமும் காலி. ஆடு கூட வரலியே!

பதில்: அரளிச்செடி புழுவா இருக்கும். அடினியமும் அரளி குடும்பம்தானே. பச்சையா, விரல் தண்டிக்கு, முன்பக்கம் நீலமா கண்ணு மாதிரி ரெண்டு பொட்டு, வால்ல கொம்பு. தொட்டிக்கு கீழ கருப்பா உருண்டை எச்சம் கிடந்தா அதேதான். ராத்திரி டார்ச் அடிச்சு பொறுக்கிடுங்க, மருந்து வேணாம். இலை திரும்ப வரும்.

கேள்வி (திருச்சி): அடினியம் கிளை வெட்டி நட்டேன், நல்லா பூக்குது, ஆனா அடி குண்டாகவே இல்ல.

பதில்: கட்டிங்ல வந்தா அப்படித்தான், காலப்போக்குல கொஞ்சம் தடிக்கும், ஆனா விதைச்செடி மாதிரி தொப்பை வராது. விதை போடுங்க. காய் மாட்டுக்கொம்பு மாதிரி ஜோடியா வரும், வெடிக்கறதுக்கு முன்னாடியே நூலால சுத்தி கட்டிடுங்க, இல்லன்னா விதை பஞ்சோட பறந்து பக்கத்து வீட்டு மாடிக்கு போயிரும். புது விதைன்னா சூட்டுல ஒரு வாரத்துல முளைக்கும்.

கேள்வி (சேலம்): வீட்டுல தவழற குழந்தை இருக்கு. அடினியம் வைக்கலாமா?

பதில்: எட்டாத உயரத்துல வைங்க, முடியலன்னா குழந்தை வளர்ற வரைக்கும் வாங்காதீங்க. செடியில வடியற பால் விஷம், இதயத்த பாதிக்கற சமாச்சாரம், ஆப்பிரிக்காவுல அம்புல தடவி வேட்டையாடியிருக்காங்க. கிளை வெட்டும்போது கையுறை போடுங்க, அந்த கையால கண்ண தொடாதீங்க, வெட்டுன துண்ட நாய் மேயற இடத்துல போடாதீங்க.