ஒரு வயதுக் குழந்தைக்கு அங்கன்வாடி சத்துமாவு மட்டும் போதுமா? (ஏற்காட்டிலிருந்து ஒரு தாயின் கேள்வி)

போதாதுங்க. ஆனால் நல்ல தொடக்கம், நிறுத்திவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லும் கணக்கு இது: 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு, எட்டு உணவு வகைகளில் தினம் குறைந்தது ஐந்து சேர வேண்டும். தாய்ப்பாலும் அதில் ஒன்று. சத்துமாவில் தானியமும் பருப்பும் வந்துவிடும். ஆக, மூன்று ஆயிற்று. அப்புறம் ஒரு வேகவைத்த முட்டை, சாமைச் சோற்றில் பிசைந்த பரங்கிக்காய். ஐந்து முடிந்தது! பரங்கிக்காய் நார் இல்லாமல் மசிய வேண்டும், ஒரு சொட்டு நெய் விட்டால் பிள்ளை துப்பாது. மலை ஆரஞ்சுச் சுளையைத் தோல், கொட்டை நீக்கிக் கொடுங்கள்.

2018-இல் தொடங்கிய போஷண் அபியான், சுகாதாரத் துறையையும் அங்கன்வாடியையும் ஒன்றுசேர்க்க வந்த தேசிய ஊட்டச்சத்துத் திட்டம். உங்கள் ஊரில் கிராம சுகாதார ஊட்டச்சத்து நாள் என்றைக்கு என்று அங்கன்வாடி அக்காவிடம் கேளுங்கள். அன்று செவிலியரும் இருப்பார், எடையும் பார்த்துவிடலாம்.