அப்பாவின் பாட்டு நோட்டு

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 51 வயது. தூத்துக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இதைப் பிரச்சினை என்று சொல்லலாமா என்றே தெரியவில்லை. யாரிடமாவது சொன்னால் தேவலை என்று தோன்றியது, எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சாயந்திரம். மகள் கோவையில் படிக்கிறாள். லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது அவளுடைய பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் அவள் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளை ஓடவிட்டு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஏதேதோ ஓடியது, எதையும் காதில் வாங்கவில்லை. திடீரென்று ஒரு பெண் குரல். வயதான குரல். அவசரமே இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிப் பாடியது. பின்னால் கிட்டார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. கீரையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். செசாரியா எவோரா என்ற பாடகி, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே என்ற தீவு நாட்டுக்காரர், இப்போது உயிரோடு இல்லை என்றாள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் மொட்டை மாடிக்குப் போய்க் கால் மணி நேரம் கேட்கிறேன். அந்தக் கால் மணி நேரத்துக்காகக் காலையிலிருந்தே மனசு காத்திருக்கிறது. வகுப்பில் கோபம் குறைந்திருக்கிறது. பள்ளிக்குப் போகிற வழியில் இருபது வருஷமாகப் பார்த்த உப்பளம், குவித்து வைத்த உப்பு, அதன்மேல் விழும் வெயில் எல்லாம் இப்போதுதான் கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறது.

உறுத்துவது அப்பா விஷயம். போன கார்த்திகையில் இறந்தார். வருஷத் திதி இன்னும் வரவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எனக்குப் பாட்டு என்றாலே அவர்தான். எங்கள் ஊரில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். புதுப் பாட்டு எதையாவது முதல் தடவை போட்டால், கையைக் காட்டி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லுவார். ஒரு பழைய கணக்கு நோட்டில் பாட்டின் முதல் வரி, பாடியவர், இசையமைத்தவர், தேதி எல்லாவற்றையும் எழுதி வைப்பார். மறுபடி எப்போது போடுவார்கள் என்று தெரியாதே. என் கல்யாணத்துக்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நோட்டு இப்போது என் பீரோவில் இருக்கிறது.

அவர் போன பிறகு எங்கள் வீட்டில் ஒலித்த எந்தப் பாட்டையும் என்னால் கேட்க முடியவில்லை. இரண்டு வரி போனதும் நிறுத்திவிடுகிறேன். அவற்றை ஒதுக்கிவிட்டு, எங்கேயோ இருந்த ஒரு பாடகியிடம் போய் ஒட்டிக்கொண்டது அப்பாவுக்குச் செய்கிற துரோகம் போலிருக்கிறது. திதிகூட வராத நிலையில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகுமா?

என் வீட்டுக்காரர் நல்லவர். “பாஷையே தெரியாம என்னத்தைக் கேட்டு அழுறே? யாராவது டாக்டர்கிட்ட போவோமா?” என்று உண்மையான கவலையோடுதான் கேட்கிறார். நான் துக்கத்திலிருந்து ஓடி ஒளிகிறேனா, டாக்டர்? அந்தப் பாட்டுகளின் அர்த்தத்தைத் தேடித் தெரிந்துகொள்ளலாமா, தெரிந்தால் இந்தச் சுகம் போய்விடுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

---

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அந்தப் பாடகியை நானும் தேடிக் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். முதலில் அதற்கு நன்றி.

உங்கள் வீட்டுக்காரரின் கவலைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். மனச்சோர்வு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகும், தூக்கமும் பசியும் கெடும், எதற்கும் காத்திருக்கத் தோன்றாது. நீங்களோ காலையிலிருந்து ஒன்றுக்காகக் காத்திருக்கிறீர்கள், உப்பளத்தின் வெயிலைப் பார்க்கிறீர்கள். பாட்டைக் கேட்டு வருகிற கண்ணீருக்கு மருத்துவர் தேவையில்லை. பாஷை தெரியாமல் அழலாமா என்றால், தியாகராஜரின் தெலுங்குக் கிருதிகளைக் கேட்டுக் கண் கலங்குகிற தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்? நம் ஊரில் அது தலைமுறை தலைமுறையாக நடக்கிற விஷயம்தான்.

ஒரு பாட்டைக் கேட்கும்போது அடுத்த சுரம் எங்கே போய் நிற்கும் என்று மூளை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. மொத்தமும் தெரிந்த பாட்டில் ஊகிக்க அதிகம் இல்லை. முற்றிலும் அந்நியமான இசையில் ஊகிக்கவே முடியாது, சலித்துவிடும். புதுப் பாட்டு என்றால், பாதி பிடிபட்டு, பாதி கைநழுவும்போது அதிகம் ரசிக்கிறோம். கனடாவின் மாண்ட்ரியலில் செய்யப்பட்டு 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிடித்த இசையைக் கேட்டுப் புல்லரிக்கும் நேரத்தில் மட்டுமில்லாமல், அந்த இடம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதே மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரப்பதைக் கண்டார்கள். அதே குழுவினர் 2013-இல், இதுவரை கேட்டிராத பாட்டுகளை மட்டும் போட்டுக் காட்டினார்கள். பிடித்திருந்தால் சொந்தக் காசு கொடுத்து வாங்கலாம் என்று ஏற்பாடு. எந்தப் பாட்டுக்கு அதிகம் கொடுக்கத் துணிந்தார்களோ, அதைக் கேட்டபோது மூளையின் இன்பப் பகுதியும் செவிப் பகுதியும் கூடுதலாகச் சேர்ந்து இயங்கியிருந்தன. நம் காது இதுவரை சேர்த்து வைத்ததை உரைகல்லாக வைத்துத்தான் புதிதை ரசிக்கிறோம் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். கிட்டாரும் வயலினும் கலந்த சினிமாப் பாட்டில் வளர்ந்த காது உங்களுடையது. அந்தத் தீவின் இசையிலும் கிட்டாரும் வயலினும் உண்டு. பாதி வழி ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த வழிதான்.

இனி அப்பா விஷயம். இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன்.

பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வருகின்றன. அந்த வயதில் கேட்ட பாட்டுகளும் அப்படித்தான். உங்களுக்கு அந்தப் பாட்டுகளில் ஆள் குடியிருக்கிறார். முதல் வரியிலேயே அப்பா கையைக் காட்டிப் பேசாதே என்கிறார், ரேடியோ இருந்த மூலை வந்துவிடுகிறது. இரண்டு வரிக்குமேல் தாங்க முடியாதது இயல்பு. செசாரியா எவோராவின் குரல் காலி வீடு. அங்கே உங்களுக்கு யாருடைய ஞாபகமும் இல்லை. அதனால் அங்கே போய் உட்கார முடிந்தது, அழவும் முடிந்தது. அப்பா இறந்தபின் இவ்வளவு நிம்மதியாக வேறு எங்காவது அழுதீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியவில்லை. துக்கத்திலிருந்து நீங்கள் ஓடவில்லை. அதை மாடிக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள்.

துரோகம் என்ற சொல்லை எழுதியபோது, அதற்கு ஐந்தாறு வரிக்கு முன்னால் நீங்களே எழுதியதைக் கவனித்தீர்களா? அந்த நோட்டில் உங்கள் அப்பா எழுதி வைத்தது புதுப் பாட்டுகளை. ஏற்கெனவே தெரிந்ததை அவர் ஏன் எழுதப் போகிறார்? முதல் தடவை கேட்கிற பாட்டுக்காக வீட்டையே அமைதியாக்கியவர் அவர். தொல்காப்பியம் வியப்பை மருட்கை என்று சொல்லி, அது பிறக்கும் நான்கு காரணங்களில் புதுமையை முதலில் வைக்கிறது. உங்கள் அப்பா அந்த மருட்கையை வேலை முடிந்து வந்து ரேடியோவுக்கு முன்னால் தேடியவர். கீரையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது அவருடைய மகள்தான், அம்மா. அவர் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் பேனாவை எடுத்திருப்பார்.

பாட்டின் அர்த்தம் தெரிந்தால் சுகம் போகாது என்றே நினைக்கிறேன், ஆனால் அவசரமும் இல்லை. வேண்டுமானால் முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். கேப் வெர்டே பத்துத் தீவுகள், செனகல் கரையிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் கடலில் இருக்கின்றன. 1975 வரை போர்ச்சுகல் ஆண்டது. மழை பொய்க்கிற மண். பஞ்சத்தால் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போனார்கள். அந்தப் பிரிவைப் பாடுவதுதான் மோர்னா என்ற இசை. 2019-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே சொடாட் என்று ஒரு சொல் உண்டு. போனவர்களை, விட்டு வந்த ஊரை நினைத்து உருகும் ஏக்கம் அது. செசாரியா பிறந்தது 1941-இல், மிந்தெலோ என்ற துறைமுக ஊரில். சின்ன வயதிலிருந்தே மதுக்கடைகளிலும் கப்பல்களிலும் பாடினார், நடுவில் பத்து வருஷம்போலப் பாடுவதையே விட்டிருந்தார். உலகம் அவரைக் கவனித்தது ஐம்பதை ஒட்டிய வயதில்தான். மேடையில் வெறுங்காலோடு நிற்பார். 2011-இல் காலமானார்.

துறைமுக ஊரில் பிறந்த ஒருவர், கப்பலேறிப் போனவர்களை நினைத்துப் பாடியதைத்தான், துறைமுகத்துக் கணக்குப்பிள்ளையின் மகளான நீங்கள் பாஷை தெரியாமலே கேட்டு அழுதிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் அந்தக் குரல் உங்களிடம் சொல்லிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஏதோ கொஞ்சம் சொல்லியிருக்கிறது.

வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்லிச் சோர்ந்து போகாதீர்கள். மாடிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். முதல் நாள் பிடிக்காமல் போகலாம். அடிக்கடி எதிர்ப்படுவது மெல்லப் பிடித்துப்போகிறது என்று ராபர்ட் ஜாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே எழுதினார். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கடல்காற்று வாங்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். அவசரமில்லை, திதி முடிந்து ஆற அமரச் செய்யலாம். பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் புரட்டுங்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்போ, கல்யாணமாகிப் போன பிறகோ அவர் எழுதியவற்றில், நீங்கள் கேட்டே இராத பாட்டு ஒன்றாவது இருக்கும். உங்களுக்கு எந்த ஞாபகமும் இல்லாத பாட்டு, அப்பாவின் கையெழுத்தில். அதைத் தேடியெடுத்து ஒரு ராத்திரி மாடியில் கேளுங்கள். கேட்ட தேதியை அவர் எழுதிய தேதிக்குப் பக்கத்தில் குறித்துவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.