மாநகராட்சி எல்லைக்குள் இருந்தாலே நகரமா?

பத்து மாடிக் குடியிருப்பு, மாநகராட்சி எல்லைக்குள்தான், ஆனாலும் மருந்து வாங்கவே வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அது புறநகர்தான். எல்லைக்கோடு வரி கட்டுவதற்கு. மாடி உயரமோ ஏமாற்றும். இடையில் வாகன நிறுத்தமும் மதிலும் நிறைந்திருந்தால் மொத்த மக்கள் அடர்த்தி குறைந்துவிடும்.

தெருக்கள் நகரத்துக்கேற்ற நெருக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, வரைபடத்தில் வீட்டை நடுவில் வைத்து 1 கி.மீ. பக்கமுள்ள சதுரம் போட்டு, உள்ளிருக்கும் தெருக்களின் நீளத்தைக் கூட்டுங்கள். ஐ.நா. வாழ்விட அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்த அளவு 18 கி.மீ. பூட்டிய வாயிலுக்குள் ஓடும் தெருக்களைச் சேர்க்காதீர்கள். பலர் தவறுவது இங்கேதான்.

கடைக்கு நேர்கோட்டுத் தூரத்தைப் பார்க்காமல் நடந்து போகும் தூரத்தை அளவிடுங்கள். 400 மீட்டர் என்றால் ஐந்து நிமிடம். கண்ணுக்கெதிரே 200 மீட்டரில் இருக்கும் கடைக்கு 900 மீட்டர் சுற்ற வேண்டியிருந்தால், தடையாக இருப்பது குடியிருப்பின் மதில்தான். அதில் ஒரு நடைவாயில் திறக்கும்படி குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள்.