சுருள்பாய் பாதியில் சிக்குகிறதா? முதலில் பூம் வாங்கைப் பாருங்கள்

கேள்வி: ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் 38 அடி பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். மெயின் பாய், மாஸ்ட் எனப்படும் பாய்மரத்துக்குள் சுருண்டு போகும் வகை. கச்சான் காற்றில் பாயைக் குறைக்கப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனதும் நின்றுவிடுகிறது. கீழ்ப்பகுதியில் துணி மடிப்பு மடிப்பாகத் திரள்கிறது. பாயின் அடியில் இருக்கும் பூம் என்ற கிடைக்கம்பம் ஆடக் கூடாது என்று, அதை மாஸ்டின் அடியோடு கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றை எப்போதும் இறுக்கியே கட்டியிருக்கிறேன். அதை எந்த அளவுக்கு வைக்க வேண்டும்?

பதில்: காரணம் உங்கள் கேள்வியின் கடைசி வரிகளிலேயே இருக்கிறது. வாங் எப்போதும் இறுகியே இருப்பதுதான் கோளாறு. படகு ஓடும்போது அதை இறுக்க வேண்டிய நேரங்கள் உண்டு. ஆனால் பாயைச் சுருட்டும்போதும் விரிக்கும்போதும் அது தளர்ந்துதான் இருக்க வேண்டும். வாங்கை இறுக்கினால் பூமின் பின்முனை தாழும். பூமின் மீது பாயை இறக்கி மடித்துக் கட்டும் படகில் இது பெரிய விஷயமில்லை. மாஸ்டுக்குள் சுருளும் பாயில் பின்முனை சில அங்குலம் தாழ்ந்தாலே சுருள் கெட்டுவிடும்.

கோரைப் பாயைச் சுருட்டும்போது ஒரு ஓரத்தை இழுத்துப் பிடித்து, மறு ஓரத்தைத் தொளதொளவென்று விட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் பருத்துப் பிதுங்கும். மாஸ்டுக்குள் நடப்பதும் அதுதான். பூம் தாழ்ந்திருந்தால் லீச் எனப்படும் பின்விளிம்பு விறைத்து நிற்கும், அடிவிளிம்பு தளர்ந்துவிடும். தளர்ந்த அடித்துணி, மாஸ்டுக்குள் சுழலும் உருளையில் இறுகச் சுற்றாமல் மடிந்து மடிந்து ஏறும். நாலைந்து சுற்றுக்குள் அந்த மடிப்பு, பாய் நுழையும் மாஸ்டின் பிளவைவிடத் தடித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் நகராது. பூம் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு: அடிவிளிம்பு இறுகும், லீச் தளரும், மடிப்பு நடுவிலும் மேலேயும் விழும். ஆகவே மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தாலே பூம் தாழ்ந்திருக்கிறதா உயர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். உங்களுக்குக் கீழே திரள்கிறது, பூம் தாழ்ந்திருக்கிறது.

சரியான உயரம் பெரும்பாலான படகுகளில் மாஸ்டுக்குப் பூம் ஏறத்தாழ செங்கோணத்தில் நிற்கும் இடத்துக்கு அருகில்தான் இருக்கும். ஆனால் பாய் தைத்த விதத்தைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். அதனால் உங்கள் பாயை வைத்தே கண்டுபிடியுங்கள். காற்று எழும்பாத விடியற்காலையில், படகு நங்கூரத்தில் இருக்கும்போது இதைச் செய்யலாம். மெயின் ஷீட்டையும் (பூமை இழுத்துப் பிடிக்கும் கயிறு) வாங்கையும் முழுக்கத் தளர்த்திவிட்டு, பூமின் எடையை டாப்பிங் லிஃப்டில் (மாஸ்ட் உச்சியிலிருந்து பூம் முனையைத் தாங்கும் கயிறு) தொங்க விடுங்கள். பாயை முழுதாக விரித்து அவுட்ஹாலை (பாயின் பின்மூலையைப் பூம் முனைப்பக்கம் இழுக்கும் கயிறு) மிதமாக இழுங்கள். இப்போது ஒரு கையால் அடிவிளிம்பையும் மறு கையால் எட்டும் உயரத்தில் லீச்சையும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு விறைப்பாக இருக்கிற வரை டாப்பிங் லிஃப்டை இரண்டு இரண்டு அங்குலமாக ஏற்றி இறக்குங்கள். பிறகு மெதுவாகச் சுருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றும் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக, மடிப்பில்லாமல் விழுந்தால் அதுதான் உங்கள் உயரம்.

அந்த உயரத்தைத் தவறாமல் பதிவு செய்துவிடுங்கள். பூம் முனையிலிருந்து காக்பிட் (சுக்கான் பிடிப்பவர் இருக்கும் இடம்) தரை வரை டேப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். டாப்பிங் லிஃப்ட் கயிற்றில் பூட்டு விழும் இடத்தில் ஓர் அடையாளம் வேண்டும். நம் ஊர் வெயிலில் மார்க்கர் மை நிற்காது. வலை பின்னும் நைலான் நூல் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் எந்த வலைக்கடையிலும் கிடைக்கும். பளிச்சென்ற நிறத்தில் வாங்கி, கயிற்றில் ஐந்தாறு தையல் போட்டுவிட்டால் இருட்டில்கூட விரலில் தட்டுப்படும்.

உங்கள் படகில் கயிறு மட்டும் உள்ள வாங்கா, உள்ளே ஸ்பிரிங்கோ கேஸோ வைத்த குழாய் வாங்கா என்று நீங்கள் எழுதவில்லை. கயிறு மட்டும் என்றால் அது பூமைக் கீழே இழுக்கும், மேலே தாங்காது. அதனால் சுருட்டுமுன் டாப்பிங் லிஃப்டை அடையாளம் வரை ஏற்றியே ஆக வேண்டும். குழாய் வாங் என்றால் கயிற்றை விட்டதும் பூம் தானாகவே அந்த உயரத்துக்கு எழ வேண்டும். டாப்பிங் லிஃப்டையும் ஷீட்டையும் தளர்த்திவிட்டு இதைச் சோதித்துப் பாருங்கள். கேஸ் ஸ்பிரிங் வருடக்கணக்கில் மெல்ல வலுவிழக்கும். பூம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வது கண்ணுக்கே தெரியாது. போன வருடம் வரை ஒழுங்காகச் சுருண்ட பாய் இந்த வருடம் சிக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். புது ஸ்பிரிங் வரும்வரை டாப்பிங் லிஃப்டே போதும்.

இனி கடலில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். சுருட்டுவதற்குப் படகின் முகத்தை நேராகக் காற்றுக்குள் திருப்பாதீர்கள். பாய் படபடவென்று அடித்து, அடித்த இடமெல்லாம் மடிப்பாகவே உள்ளே போகும். காற்று முன்பக்கவாட்டில், ஏறத்தாழ 50 முதல் 60 பாகையில் வரட்டும். ஷீட்டை விட்டுக் கொடுத்து, பாயில் காற்றின் பலம் இல்லாமலும் அது படபடக்காமலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்துக் காற்று என்பதும் முக்கியம். மாஸ்டின் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் எந்தப் பக்கத்திலிருந்து துணி புறப்படுகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வர வேண்டும். அப்போது பூம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, துணி பிளவின் ஓரத்தில் மடங்காமல் நேராக உள்ளே நுழையும். பல மாஸ்டுகளில் இது வலப்பக்கக் காற்றாக இருக்கும்.

உங்கள் மாஸ்டும் அந்த வகையானால் நம் கரை அதற்குத் தோதானது. தென்கடலில் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது, வலப்பக்கக் காற்றுக்காகத் திருப்பினால் முகம் ஏறக்குறைய தெற்கே, மன்னார் வளைகுடாவின் திறந்த கடலைப் பார்க்கும். வடகடலில் வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது அதே திருப்பம் முகத்தை வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் கொண்டுபோகும். இரண்டிலும் கரை பின்னால் இருக்கிறது, அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் தென்கடலிலிருந்து திரும்பும்போது தீவுகளுக்கு வெளியிலேயே இதை முடித்துவிடுங்கள். குருசடைத் தீவுக்கு உள்ளே வந்த பிறகு பாறையும் பவளத்திட்டும் பார்த்து ஓட்டவே கண் போதாது. பாம்பன் கால்வாயைக் கடப்பதானாலும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி உயரக் காத்திருக்கும் இடத்தில் நீரோட்டம் பலமானது. அங்கே பாயோடு மல்லுக்கட்டக் கூடாது.

திரும்பிய பிறகு வரிசை மாறாமல் செய்யுங்கள். மாஸ்ட் உச்சியைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் பேக்ஸ்டே கம்பியை இறுக்கியிருந்தால் தளர்த்துங்கள். மாஸ்ட் வளைந்திருந்தால் உள்ளே இருக்கும் உருளை சுவரில் உரசும். பிறகு வாங்கை முழுக்க விடுங்கள். டாப்பிங் லிஃப்டை அடையாளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷீட்டைத் தளர்த்துங்கள். இதன் பிறகுதான் பாயைச் சுருட்டும் ஃபர்லிங் கயிறு. ஒருவர் அதை இழுக்க, இன்னொருவர் அவுட்ஹாலை வின்ச்சில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) ஒரு சுற்றுப் போட்டு, கையில் லேசான இழுவையோடு விட்டுக் கொடுக்க வேண்டும். சும்மா விட்டுவிட்டால் சுருள் தளர்வாக விழும், அடுத்த முறை விரிக்கும்போது சிக்கும். விரிக்கும்போது இதையே மாற்றிச் செய்ய வேண்டும்: அவுட்ஹாலை இழுப்பவருக்கு எதிராக ஃபர்லிங் கயிற்றில் லேசான பிடி இருக்கட்டும்.

வாங்கையும் ஷீட்டையும் விட்டுத்தான் அவுட்ஹாலைத் தொட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லீச் விறைத்திருந்தால் பாயின் பின்மூலை பூமின் மேல் ஓடும் வண்டியை மேல்நோக்கி இழுத்துத் தண்டவாளத்தோடு நெரிக்கும். அவுட்ஹால் கல்லாகிவிட்டது, கப்பியை மாற்ற வேண்டும் என்று பலர் நினைப்பது இந்த நெரிசலைத்தான்.

சரி, ஓடும்போது வாங்கை எவ்வளவு இறுக்குவது? எதிர்காற்றில் ஓடும்போது பூமைத் தாழ்த்திப் பிடிப்பது மெயின் ஷீட்டின் வேலை. வாங் தொய்வில்லாமல் இருந்தால் போதும். ஷீட்டை விட்டுக் காற்றைப் பக்கவாட்டிலோ பின்னாலோ வாங்கும்போதுதான் வாங்குக்கு வேலை வருகிறது. அப்போது ஷீட்டால் பூமைக் கீழே பிடிக்க முடியாது. பூம் மேலே எழும், பாயின் உச்சி முறுக்கிக்கொண்டு காற்றை வீணாக்கும். லீச்சின் மேல்பகுதியில் ஒரு ரிப்பன் கட்டுங்கள். அது பாதி நேரம் பின்னே பறந்து பாதி நேரம் பாய்க்குப் பின்னால் ஒளிந்தால் இறுக்கம் சரி. எந்நேரமும் ஒளிந்தே இருந்தால் வாங் அதிகம். எந்நேரமும் பறந்தே இருந்தால் கொஞ்சம் இறுக்கலாம். காற்றின் வேகம் 7, 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) அளவுக்குக் கீழே இருந்தால் தளர்த்திவிடுங்கள். சுருள்பாயின் லீச்சில் குறுக்குச் சட்டம் கிடையாது, ஓரம் உள்வாங்கி வெட்டியிருக்கும். அதனால் வாங் கொஞ்சம் மிஞ்சினாலும் லீச் கொக்கி போல வளைந்து படகை இழுத்துப் பிடிக்கும். லீச் படபடக்கிறது என்று வாங்கை இறுக்குவது தவறு. அதற்கு லீச்சுக்குள் ஓடும் மெல்லிய கயிறு இருக்கிறது. படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் அதை இழுங்கள்.

வாங்கில் எவ்வளவு பாரம் ஏறும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் கை தானாகவே நிதானப்படும். பூம் நீளம் 4.5 மீட்டர், வாங் மாஸ்டிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி 45 பாகை சாய்வில் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூம் முனையில் 50 கிலோ மேல்நோக்கி இழுத்தால் வாங்கில் ஏறத்தாழ 245 கிலோ நிற்கும். ஆறு மடங்கு கப்பி இருந்தாலும், உராய்வு போக, கைக்கு 40 கிலோவுக்கு மேல் வரும். வெறும் வாங்கை இழுத்துப் பூமை இறக்கப் பார்க்காதீர்கள். ஷீட்டால் பூமை இறக்கி, வாங்கின் தொய்வை எடுத்துப் பூட்டிவிட்டு, ஷீட்டை விடுங்கள். முன்னதாக டாப்பிங் லிஃப்ட் தொய்வாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இறுகியிருந்தால் பூம் இறங்காது. மிகத் தொய்வாக விட்டாலும் அது லீச்சின் தையலை அறுக்கும்.

வாங் கயிற்றைச் சுக்கான் பிடிப்பவர் எட்டும் இடத்தில், ஒரே இழுப்பில் விடும்படி பூட்டி வையுங்கள். கச்சான் அலையில் படகு உருண்டு பூம் முனை தண்ணீரில் புதைந்தால், வாங் இறுகியிருக்கும் பட்சத்தில் பூம் முறியக்கூடும்.

பாயைக் குறைத்த பிறகு கணக்கு மாறுகிறது. பின்மூலை பூமின் நடுப்பக்கம் முன்னேறி வந்துவிடும். உச்சி மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். லீச் இன்னும் நிமிர்ந்து, பூமை நடுவில் பிடித்து மேலே தூக்கும். முனையில் ஷீட்டும் முன்னால் வாங்கும் கீழே இழுக்க, பூம் வில்லாக வளைய வாய்ப்புண்டு. ஆகவே குறைத்த பாயில் வாங்கை முன்பைவிட மென்மையாக வையுங்கள். பாய் தட்டையாக இருக்க வேண்டுமானால் அவுட்ஹாலை இறுக்குங்கள். காற்றின் பாரம் உயரத்திலேயே தங்குவதால், 15 நாட் தாண்டும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே குறைத்துவிடுவது நல்லது.

உயரத்தைச் சரி செய்த பிறகும் சிக்கினால், பாயை மேலே ஏற்றிப் பிடிக்கும் ஹாலியார்டு கயிற்றைப் பாருங்கள். மாஸ்டை ஒட்டிய ஓரத்தில் குறுக்குச் சுருக்கம் விழுந்தால் தளர்வு. நெடுக ஒரு முகடு எழுந்தால் இறுக்கம் அதிகம். பிறகு பாயின் வயது. நீண்டு தொப்பை விழுந்த துணியை எந்த உயரமும் காப்பாற்றாது, பாய் தைப்பவரிடம்தான் போக வேண்டும். இந்தக் கரையில் மணலும் ஒரு காரணம்: கச்சான் மாதங்களில் உப்போடு கலந்த நுண்மணல் பிளவிலும் மேல் சுழலியிலும் படியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த பிறகு உலர் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், மணல் ஒட்டிக்கொள்ளும்.

நடுக்கடலில் பாதியில் நின்றுவிட்டால் வின்ச்சால் முறுக்காதீர்கள், மின்சாரத்தில் சுருட்டும் ஃபர்லராக இருந்தால் பொத்தானை அழுத்தியே பிடிக்காதீர்கள். பலம் கூடக் கூட மடிப்பு பிளவில் ஆப்பாக இறுகும். ஃபர்லிங் கயிற்றை விட்டு, அவுட்ஹாலால் ஓரிரு அடி வெளியே இழுங்கள்; பூமை இரண்டு அங்குலம் ஏற்றியோ இறக்கியோ மறுபடி உள்ளே சுருட்டுங்கள். இப்படி முன்னும் பின்னுமாக நாலைந்து முறை செய்தால் பெரும்பாலும் விடும். முழுதாக வெளியே வந்துவிட்டால் ஹாலியார்டை அவிழ்த்துப் பாயைத் தளத்தில் இறக்கிவிடலாம். உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் காற்று ஏறினால், உபரி ஹாலியார்டு ஒன்றை எடுத்து மாஸ்டையும் பாயையும் சேர்த்துக் கீழிருந்து வரிந்து சுற்றி இறுக்கிக் கட்டி, எஞ்சினில் ஒதுங்கிடத்துக்கு வந்து சேருங்கள்.